மூடியைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்: காருக்கேற்ற பவர் ஸ்டீயரிங் ஆயில்

ஸ்டீயரிங் கனமாகிவிட்டது என்று ஆயில் வாங்கக் கிளம்புவதற்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் என்ற ஒன்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10 போன்ற கார்களில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அவற்றில் ஆயில் டப்பாவும் இல்லை, பம்பும் இல்லை, ஊற்ற இடமும் இல்லை. அப்படிப்பட்ட காரின் சர்வீஸ் பில்லில் "பவர் ஸ்டீயரிங் ஆயில்" என்று ஒரு வரி இருந்தால் எங்கே ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். மோட்டார் ஸ்டீயரிங் கனத்தால் பார்க்க வேண்டியவை டயர் காற்று, பேட்டரி, ஃபியூஸ், டாஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா என்பது.

இன்னோவா, இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ, சுமோ, இண்டிகா, ஆக்சென்ட், முதலில் வந்த ஃபிகோ ஆகியவற்றில் இருப்பது ஆயிலில் இயங்கும் ஸ்டீயரிங். எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு டப்பாவிலிருந்து ஆயிலை இழுத்து, சக்கரங்களைத் திருப்பும் பாகமான ஸ்டீயரிங் ரேக்குக்கு அழுத்தத்தோடு அனுப்பும், ஆயில் ரிட்டர்ன் பைப் வழியாக டப்பாவுக்குத் திரும்பும். இன்னொரு வகையும் உண்டு. சில ஐரோப்பிய கார்களில் பம்பை எஞ்சின் பெல்ட்டுக்குப் பதில் மின்மோட்டார் சுற்றும். பெல்ட்டில் பம்பு தெரியவில்லை என்பதால் அதில் ஆயில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டப்பா எங்காவது ஒளிந்திருக்கும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடிக்கும்போது பம்பு கொடுக்கும் அழுத்தம் 80 பாரைத் தாண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் முப்பது நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தைச் சக்கரம்வரை கடத்துவது, பம்புக்குள் உரசும் உலோகத் தகடுகளைத் தேயாமல் காப்பது, ரப்பர் சீல்களை அவற்றின் அளவிலேயே வைத்திருப்பது ஆகிய மூன்று வேலையையும் செய்வது இந்த ஒரு லிட்டர் ஆயில்தான். தவறான ஆயில் முதல் இரண்டு வேலையை ஓரளவு செய்துவிடும். அதனால்தான் மாற்றி ஊற்றிய அன்று ஒன்றும் தெரியாது. மூன்றாவது வேலையில் கோட்டை விடும். சீல் உப்பியோ சுருங்கியோ சில மாதம் கழித்து ரேக் ஒழுகத் தொடங்கும்போது, காரணம் அந்த அரை பாட்டில் ஆயில் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இந்தியச் சாலைகளில் ஓடும் ஆயில் ஸ்டீயரிங் கார்களில் அதிகம் காணப்படுவது டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காகச் செய்த எண்ணெய் ஸ்டீயரிங்குக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கைக் கொடுத்தபோது, கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஏற்கெனவே சந்தையில் இருந்தது. ஹைட்ராலிக் வேலையும் செய்யும், நுரையை அடக்கும், சீலுக்கும் ஒத்துப்போகும். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்தது. டெக்ஸ்ரான் என்ற தரப் பெயரை ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் கொண்டுவந்தது. டெக்ஸ்ரான் 3 வந்தது 1993-இல், டெக்ஸ்ரான் 6 வந்தது 2005-இல். 2006 முடிவோடு டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதையே அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் "டெக்ஸ்ரான் 3" பாட்டில்கள் எல்லாம் ஆயில் கம்பெனிகள் அந்தப் பழைய தரத்தைப் பார்த்துத் தாங்களாகச் செய்பவை. அதில் தவறில்லை. ஆனால் தெரியாத பெயரில் மலிவாகக் கிடைப்பதைத் தவிர்த்து, பெயர் பெற்ற ஆயில் கம்பெனியின் பாட்டிலாக வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியில் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்றிருந்தால் டெக்ஸ்ரான் 3 வகையையே தேடி வாங்குங்கள். டெக்ஸ்ரான் 6 கொஞ்சம் மெல்லியது. 100 டிகிரியில் 3-இன் பிசுக்கு (ஆயில் எவ்வளவு கெட்டி என்ற அளவு) ஏறக்குறைய 7 சென்டிஸ்டோக்ஸ் என்றால், 6-இன் பிசுக்கு ஏறக்குறைய 6. ஊற்றினால் ஸ்டீயரிங் வேலை செய்யும், எதுவும் உடைந்துவிடாது. ஆனால் லட்சம் கிலோமீட்டர் தாண்டித் தேய்ந்த பம்பில், மே மாத வெயிலில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த மெலிவு முனகலாக வெளிப்படலாம். பழைய வண்டிக்குப் பழைய பிசுக்கே நல்லது என்பது எங்கள் கருத்து.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "ஏடிஎஃப்தானே" என்று கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுகிறார்கள். ஆட்டோமேட்டிக் இன்னோவா கிரிஸ்டாவின் கியர்பாக்ஸ் கேட்பது டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஏடிஎஃப், அதே வண்டியின் ஸ்டீயரிங் கேட்பது டெக்ஸ்ரான் 2 அல்லது 3. இரண்டும் ஏடிஎஃப், இரண்டும் சிவப்பு, இரண்டும் வேறு. சிவிடி என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலையும் ஸ்டீயரிங் டப்பா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த வகை, கார் கம்பெனிகள் தங்கள் பெயரில் வரையறுத்தவை. ஹுண்டாய் கார்களில் பிஎஸ்எஃப்-3, பிஎஸ்எஃப்-4 என்று இரண்டு உண்டு (பிஎஸ்எஃப் என்றால் பவர் ஸ்டீயரிங் ஃபுளூயிட்). ஆக்சென்ட் போன்ற பழையவற்றுக்கு 3, பின்னாளில் வந்த சில பெரிய வண்டிகளுக்கு 4. எண் மாறினால் எண்ணெயும் மாறுகிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. ஹோண்டாவின் பழைய அக்கார்ட், சிஆர்-வி போன்றவற்றுக்கு ஹோண்டா பிஎஸ்எஃப் மட்டும்தான். அவசரத்துக்கு வேறு பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் கூடிய சீக்கிரம் முழுவதையும் வடித்து ஹோண்டா ஆயிலை நிரப்ப வேண்டும் என்று ஹோண்டா கையேடே சொல்கிறது. அந்த அவசரத்துக்குக்கூட ஏடிஎஃப் கூடாது.

மூன்றாவது, பச்சை நிற சிந்தெடிக் ஹைட்ராலிக் ஆயில். பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ், சிஎச்எஃப் 202 என்ற பெயர்களில் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஜி 002 000, ஜி 004 000 எண்களும் இந்தக் குடும்பம்தான். பழைய ஸ்கோடா ஆக்டேவியா, ஆடி, வால்வோ, பல பிஎம்டபிள்யூ கார்கள் இதைக் கேட்கும். பிஎம்டபிள்யூவில் கூடுதல் கவனம் வேண்டும்: சில வண்டிகளின் மூடியில் ஏடிஎஃப் என்றும், சிலவற்றில் சிஎச்எஃப் 11எஸ் என்றும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பிஎம்டபிள்யூவில் ஏடிஎஃப் ஊற்றினார்கள் என்பது உங்கள் வண்டிக்கு ஆதாரமாகாது. பச்சை ஆயில் அறை வெப்பத்தில் ஏடிஎஃப்பைவிட நன்றாகவே மெல்லியது. அதற்கென்று அமைத்த பம்பில் ஏடிஎஃப்பை ஊற்றினால் காலையில் ஸ்டீயரிங் கனக்கும், பம்பு ஊளையிடும், சீல்கள் பாதிக்கும். டாப்-அப் அளவுக்குக்கூட இரண்டையும் கலக்கக் கூடாது.

இவை தவிர மெர்சிடீஸுக்கு எம்பி 236.3, கிரைஸ்லர் குழும வண்டிகள் பலவற்றுக்கு ஏடிஎஃப்+4 என்று தனி வரையறைகள் உண்டு. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பாட்டிலில் அந்த எண்ணைத் தேடினால் போதும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான டப்பாக்கள் நிறம் பார்த்தே நிரப்பப்படுகின்றன. நிறம் என்பது ஆயிலில் கலக்கும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஆயிலா, ஸ்டீயரிங் ஆயிலா என்று தரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவே அது சேர்க்கப்படுகிறது. டெக்ஸ்ரான் 3, டெக்ஸ்ரான் 6, டபிள்யூ.எஸ். எல்லாம் சிவப்பாகவே இருக்கும். பச்சையாக இருக்கும் கூலன்ட்டும் உண்டு. நாளாக ஆக எல்லா ஆயிலும் பழுப்பாகிவிடும். நிறம் ஒரு துப்பு மட்டும்தான்.

சரி, உங்கள் காருக்கு எது என்று எங்கே பார்ப்பது? டப்பா மூடியில். பெரும்பாலான கார்களில் மூடியின் மேலேயே ஆயில் வகை அச்சிடப்பட்டிருக்கும் அல்லது புடைப்பு எழுத்தில் இருக்கும். வருடக்கணக்கான கிரீஸும் புழுதியும் படிந்து கறுப்பு வட்டமாகத் தெரிந்தால், மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு துணியில் கொஞ்சம் டீசலை நனைத்துத் துடையுங்கள். எழுத்து வெளிவரும், அழுக்கும் உள்ளே விழாது. மூடியில் ஒன்றும் இல்லையென்றால் ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஆயில் அட்டவணை இருக்கும். மேனுவல் தொலைந்திருந்தால் பல கம்பெனிகளின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதுவும் இல்லையா, சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய் கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் கேளுங்கள், பார்ட் எண்ணோடு சொல்வார்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு இது பாதி விடைதான். மூடி கேட்பது ஒன்று, உள்ளே ஏற்கெனவே இருப்பது வேறொன்றாக இருக்கலாம். டப்பாவுக்குள் சுத்தமான குச்சி ஒன்றை விட்டு எடுத்து, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொட்டு வையுங்கள். ஐந்து நிமிடம் பரவ விடுங்கள். கண்ணாடி போன்ற சிவப்போ, வெளிர் மஞ்சளோ, பச்சையோ என்றால் ஆயில் நன்றாக இருக்கிறது. பழுப்பாகி, முகர்ந்தால் கருகிய வாடை அடித்தால் சூட்டில் வெந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நடுவில் கறுப்புப் பொடி தங்கினால் ஹோஸின் உள் ரப்பர் கரைந்து வருகிறது. ஆயிலோடு ஹோஸையும் பாருங்கள். வெயிலில் காட்டும்போது மினுமினுப்பான துகள் தெரிந்தால் பம்பு தேய்கிறது, ஆயில் மாற்றி அது சரியாகாது. பால் போல வெளுத்திருந்தால் காற்றா தண்ணீரா என்று பிரித்தறிய வேண்டும்: ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். காற்று என்றால் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்களை இன்று வாங்குபவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். டப்பா மூடியில் காற்றுத் துளை இருப்பதால் எஞ்சின் மூழ்கினால் தண்ணீர் இறங்க வழி உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டாப்-அப் செய்யாதீர்கள். முழுவதையும் மாற்றிவிடுங்கள். அது ஒன்றே கலப்பைத் தவிர்க்கும் வழி.

கடையில் பாட்டிலின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். உங்கள் மூடியில் இருந்த அதே தரம் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். "எல்லா கார்களுக்கும்" என்று முன்னால் போட்ட பாட்டில் டெக்ஸ்ரான் கார்களுக்கும் பல ஆசிய கார்களுக்கும் பொருந்தலாம். பின்பட்டியலில் சிஎச்எஃப் 11எஸ் அல்லது ஜி 004 000 இல்லையென்றால் ஐரோப்பிய காருக்கு அது உதவாது. மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். டப்பாவில் குறையை நிரப்ப அரை லிட்டரே அதிகம், முழுதாக மாற்ற 2 லிட்டர் வாங்குங்கள். அமைப்பின் கொள்ளளவு பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர் அளவுதான், மீதி கழுவித் தள்ளுவதற்கு.

இனி சொல்வதில் மட்டும் கவனக்குறைவுக்கு இடம் கிடையாது. பிரேக் ஆயில் டப்பாவும் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவும் ஒரே பானட்டின் கீழ் சில சாண் தூரத்தில் இருக்கும். இரண்டும் எண்ணெய் என்று அழைக்கப்பட்டாலும் குணத்தில் எதிரெதிர். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, அதற்கேற்ற ரப்பர் வேறு. ஸ்டீயரிங்கில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர். பிரேக் ஆயில் ஸ்டீயரிங்கில் போனால் சீல்கள் கெட்டு ஒழுகும், பம்பும் சேதமாகும். அதுகூடப் பணத்தோடு போகும். ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குள் போனால் பிரேக் சீல்கள் உப்பி பிரேக்கே பிடிக்காமல் போகலாம், உயிருக்கே ஆபத்து. தவறிப்போய் மாற்றி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பிரேக் பெடலையும் மிதிக்காதீர்கள். காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை இடத்துக்கே வரவழையுங்கள். மிதிக்காத நிலையில் டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஒருமுறை ஓட்டிவிட்டால் சீல்களையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

அளவு பார்ப்பது எளிது. சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரங்களை நேராக வையுங்கள். டப்பாவில் குளிர்ந்த நிலைக்கு ஒரு ஜோடிக் கோடு, சூடான நிலைக்கு ஒரு ஜோடி என்று இருந்தால், காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த கோட்டைப் பாருங்கள். ஒரே ஜோடி மட்டும் இருந்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வழிய நிரப்பாதீர்கள். சூட்டில் ஆயில் விரிந்து மூடி வழியாகக் கசிந்து பெல்ட்டில் விழும். இந்த ஆயில் எஞ்சின் ஆயில் போல எரிந்து குறைவதில்லை. அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பம்பு புல்லி அடி, ஹோஸின் உலோக முனைகள், ரேக்கின் இரு பக்க ரப்பர் பூட் ஆகிய மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். பூட்டை விரலால் அமுக்கும்போது உள்ளே சளசளவென்று இருந்தால் ரேக் சீல் போய்விட்டது. ஒழுகும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. "ஒழுகல் நிறுத்தும்" மருந்து பாட்டில்கள் ரப்பரை உப்பவைத்துச் சில வாரம் தாக்குப்பிடிக்க வைக்கும். நல்ல சீல்களும் சேர்ந்து உப்பும் என்பதால் அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முழுதாக மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை நம்பி மட்டும் வேலை செய்யக் கூடாது.

1. டப்பாவிலுள்ள பழைய ஆயிலைப் பெரிய ஊசியில்லா சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். டப்பாவின் அடியில் வலை இருந்தால் அதில் கசடு அடைத்திருக்கிறதா பாருங்கள். வலை அடைத்த டப்பாவில் புது ஆயில் ஊற்றினாலும் பம்பு ஊளையிடும்.

2. டப்பாவுக்கு வரும் இரண்டு ஹோஸில் மெலிந்தது பெரும்பாலும் ரிட்டர்ன், தடித்தது பம்புக்குப் போவது. ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு பழைய பாட்டிலுக்குள் விடுங்கள். டப்பாவில் திறந்திருக்கும் துளையை ரப்பர் மூடியால் இறுக அடையுங்கள்.

3. டப்பாவில் புது ஆயிலை நிரப்புங்கள். சாவியைப் போட்டு ஸ்டீயரிங் லாக்கை மட்டும் விடுவியுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒருவர் ஸ்டீயரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெதுவாகத் திருப்ப, மற்றவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் விழும் ஆயில் முதலில் கறுப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் ஊற்றிய நிறத்திலேயே வரும். அதுவரை செய்யுங்கள்.

4. ஹோஸைத் திரும்ப மாட்டி கிளிப்பைச் சரியாக வையுங்கள். எஞ்சின் ஓடாமலேயே இன்னும் பதினைந்து இருபது முறை கோடிக்குக் கோடி திருப்புங்கள். டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை.

5. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் நான்கைந்து முறை திருப்புங்கள். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம்.

எஞ்சினை ஓடவிட்டு ரிட்டர்ன் ஹோஸ் வழியாக ஆயிலைத் தள்ளும் முறையும் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. வேகமானது, ஆனால் டப்பா ஒரு நொடியில் காலியாகி பம்பு வறண்டு ஓடும். அந்தப் பம்புக்கு ஆயிலைத் தவிர வேறு மசகு கிடையாது, வறண்டால் தகடுகள் உடனே கீறல் விழுந்துவிடும். அப்படிச் செய்தால் இருபது நிமிடம் மிச்சமாகலாம், பம்பு போனால் அதற்கு ஈடாகாது.

காற்று முழுவதும் வெளியேறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டப்பாவில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு எஞ்சினை அணையுங்கள். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது என்பது டொயோட்டா ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள அளவுகோல். எழும்பினால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நான்காம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். எத்தனை முறை செய்தாலும் நுரை போகவில்லை, வெளியே சொட்டும் இல்லை என்றால் சந்தேகிக்க வேண்டியது டப்பாவுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள தடித்த ஹோஸ். அதில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அதன் கிளிப்போ பம்பு முனையிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகும். சில ரூபாய் ஓ-ரிங்குக்காக முழுப் பம்பையும் மாற்றிவிடும் வேலை இங்கேதான் நடக்கிறது. பம்பு மாற்றச் சொன்னால் முதலில் அந்த ஓ-ரிங்கை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் கிறீச் சத்தத்துக்கும் ஆயிலுக்கும் தொடர்பில்லை, அது பெல்ட் தளர்ந்ததால் வருவது. திருப்பும்போது மட்டும் வரும் ஊளைச் சத்தம்தான் ஆயில் குறைவையோ காற்றையோ சொல்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பல கம்பெனிகள் கணக்குக் கொடுப்பதில்லை. நம் வெயிலுக்கும் நகர நெரிசலுக்கும் 60,000 கிலோமீட்டர் ஒரு நியாயமான அளவு, டிஷ்யூ சோதனையில் ஆயில் அதற்கு முன்பே பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் அப்போதே மாற்றுங்கள். மாற்றியதும் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரப் பெயர் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டப்பாவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து டாப்-அப் செய்பவர் யாராக இருந்தாலும் ஊகிக்க வேண்டியிருக்காது. பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் டிரம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இரண்டு நாள் ஓட்டிய பிறகு, வண்டி குளிர்ந்திருக்கும்போது, மட்டத்தை ஒருமுறை பார்த்துக் குறைந்ததை மட்டும் நிரப்புங்கள்.